ஓரக் குழிகள்

“செல்லே போடாம ஒரு தட்டு ஓட்டணும், சார்.”

கேட்கவே கூடாது என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். சேர்ந்து பதினான்கு மாதம் அதை மட்டும் கேட்காமல் இருந்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மேனேஜர் நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே அவள் அதைக் கேட்டுவிட்டாள். கண்ணாடி அறைக்கு வெளியே, கழுவு தொட்டியருகே நின்றிருந்த சீனியர் அக்காவின் முதுகு அப்படியே விறைத்தது.

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். மேனேஜருக்கும் ஒரு பெயர் உண்டு, அவர் காதுக்கு எட்டாத பெயர்: தொண்ணூத்தெட்டு. தங்கள் கம்பெனி பேட்ச் பட்ட தோல் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு உயிரோடு இருக்கின்றன என்று ஒரு கருத்தரங்கில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர், அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வாசல் வாட்ச்மேனுக்குக்கூட அந்த எண் மனப்பாடம்.

பேட்ச் என்றால் ஆறாத புண்ணுக்கு ஒட்டுகிற கறுப்புப் பட்டை. அதில் கலந்திருப்பது கிராஃபீன். பென்சில் கரி இருக்கிறதே, அதை ஏடு ஏடாக உரித்து, இனி உரிக்க முடியாது என்கிற அளவுக்குப் போனால் கடைசியில் மிஞ்சும் ஒற்றை ஏடு. அதன் விளிம்பு கிருமியின் மேலுறையைக் கிழித்துவிடும், அதனால் புண்ணில் சீழ் வைக்காது என்பதுதான் கம்பெனியின் பெருமை. கிருமியைக் கிழிக்கிற விளிம்பு மனுஷ செல்லைக் கிழிக்காதா என்று யாருக்கும் தோன்றும். அதைப் பார்த்துச் சொல்வதற்குத்தான் இந்த ஆய்வுக்கூடம், அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

பார்க்கிற முறை எளிது. கையகலத் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். குழிகளில் தோல் செல்களை வளர்த்து, அதன்மேல் கிராஃபீன் தூளைக் கலந்து விட்டு, ஒரு நாள் கழித்து மஞ்சள் சாயம் ஊற்ற வேண்டும். உயிருள்ள செல் அந்த மஞ்சளை உள்ளே வாங்கி ஊதாவாக மாற்றும், செத்தது மாற்றாது. எவ்வளவு ஊதாவோ அவ்வளவு உயிர். நிறத்தை மெஷின் பார்த்து எண்ணாகச் சொல்லிவிடும். மருந்துகளுக்குப் பல வருஷமாக இப்படித்தான் பார்க்கிறார்கள், தப்பு வந்ததில்லை.

போன சனிக்கிழமை அதிகபட்ச அளவு தூள் போட்ட குழிகளுக்கு மெஷின் நூற்றுப் பன்னிரண்டு என்றது. தூளே படாத செல்களைவிட அதிக உயிர். மீட்டிங்கில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல், செல்கள் கொழித்து வளர்கின்றன என்றார் தொண்ணூத்தெட்டு. அவள் மட்டும் சிரிக்கவில்லை. சாயம் ஊற்றுவதற்கு முன் அதே குழிகளை அவள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருந்தாள். தரையோடு தரையாகப் பரந்து ஒட்டியிருக்க வேண்டிய செல்கள் சுருண்டு, உருண்டு, பிடி விட்டு மிதந்துகொண்டிருந்தன. பரீட்சைக்கே வராதவன் நூற்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு வாங்கினால் வாத்தியாரைத்தானே சந்தேகப்பட வேண்டும்? செல்லே வேண்டாம், அந்தக் கறுப்புத் தூளே மஞ்சளை ஊதாவாக்குகிறதோ என்று அன்று அவளுக்குள் விழுந்த சந்தேகம், இத்தனை நாளும் சோற்றை இறங்கவிடவில்லை. தீர்த்துக்கொள்வது சுலபம். செல் போடாமல் தூளையும் சாயத்தையும் மட்டும் ஊற்றிப் பார்த்தால் போதும்.

அதைத்தான் இங்கே கேட்கக் கூடாது. காரணத்தைச் சீனியர் அக்கா முதல் நாளே தணிந்த குரலில் சொல்லியிருந்தாள். ஓட்டுகிற தட்டுக்கெல்லாம் நம்பர் உண்டு. நம்பர் விழுந்த முடிவை அழிக்க முடியாது, தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். கேள்விக்காரிக்கு முன்னால் அதே மேஜையில் இருந்த பெண் ஒருத்தி செல் இல்லாத தட்டு கேட்டாளாம். அடுத்த மாதமே லேபிள் ஒட்டுகிற அறைக்கு மாற்றினார்கள். அதற்கடுத்த மாதம் அவள் வரவில்லை.

இப்போது மேனேஜர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும். உட்காரச் சொன்னார், தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார், முறைக்கு மேலிடம் ஒப்புதல் கொடுத்தாயிற்று, படிவத்தில் அப்படி ஒரு வரிசையே கிடையாது, மூன்று தடவை சரிபார்த்த விஷயம் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு, “நீ கஷ்டப்பட்டு மேல வந்த பொண்ணு. உங்க வீட்டுல மொதல்ல படிச்சவ நீதான். அதை மறந்துடாதம்மா,” என்றார்.

“எங்க வீட்டுல மொதல்ல பேட்ச் ஒட்டிக்கிட்டவர் எங்க அப்பா சார். அதையும் மறக்கல.”

அப்பாவை இதில் இழுக்காதே என்றார். இழுத்துவிட்டவளே நான்தான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

அவள் அப்பா துணி வெளுக்கும் ஆலையில் நீராவி இஸ்திரி போடுகிறவர். எட்டு மாதத்துக்கு முன்னால் நீராவிக் குழாய் வெடித்து முழங்காலுக்குக் கீழே வெந்துவிட்டது. உடம்பில் சர்க்கரை வேறு, உள்ளங்கையகலப் புண் மூடவே இல்லை. ஆஸ்பத்திரியில் இந்தப் பேட்ச்சை ஆட்களிடம் சோதித்துப் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது அவள்தான். பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டி, அவர் தயங்கியபோது, பாதுகாப்பு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் தன் கையெழுத்தைக் காட்டியதும் அவள்தான். அவருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. போன வெள்ளிக்கிழமை முதல் ஆறு பேருக்கு ஒட்டினார்கள், அதில் அவரும் ஒருவர். நாளைக்கு அந்த ஆறு பேருக்கும் பட்டையை மாற்றிப் புதிதாக ஒட்டி, இன்னும் பதினோரு பேரைச் சேர்க்கப்போகிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, வலியே இல்லை என்று அப்பா சொன்னார். எட்டு மாதமாக வலி வலி என்று அனத்தியவர். “மரக்கட்டை மாதிரி கெடக்கு. நல்ல மருந்துதான் போ.” அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். புண் ஆறினால் வலி குறையும், நிஜம்தான். வலியைச் சொல்ல வேண்டியது செத்தாலும் வலி குறையும்.

அனுமதி இல்லை, சரி. அனுமதி வேண்டாத இடம் ஒன்று தட்டிலேயே இருந்தது.

செல் வளர்க்கிறவர்கள் தட்டின் வெளிச் சுற்றில் உள்ள குழிகளில் செல் போடுவதில்லை. சூட்டுப் பெட்டிக்குள் ஓரத்துக் குழிதான் முதலில் வற்றும், எண் தப்பாக வரும். அதனால் சுற்றிவர முப்பத்தாறு குழிகளில் வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றி, நடு அறுபதில்தான் வேலை. மெஷினுக்கும் ஓரத்தைப் படிக்காதே என்று நிரந்தரமாகச் சொல்லி வைத்திருந்தார்கள். யாரும் பார்க்காத, எங்கேயும் பதியாத முப்பத்தாறு குழிகள். பதினான்கு மாதமாகத் தினமும் தண்ணீர் ஊற்றிய குழிகள்.

அன்று சாயம் ஊற்ற வேண்டிய தட்டை எடுத்தாள். நம்பர் உள்ள, முறையான தட்டு. நடு அறுபதில் கை வைக்கவில்லை. ஓரத்தில் ஒரு பக்கத்துத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, நடுவில் போட்ட அதே அளவுகளில் தூள் கலவையை விட்டாள். செல் கிடையாது. இன்னொரு பக்கத்தில் தூளும் இல்லாமல் வெறும் திரவம். பிறகு எல்லாவற்றுக்கும் மஞ்சள். மூடி, சூட்டுப் பெட்டிக்குள் வைத்து, பத்து மணி என்று எழுதினாள்.

மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். மற்ற வேலையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறையைக் கழற்றியபோது, கையுறையும் கோட்டுக் கையும் சந்திக்கிற இடத்தில், மணிக்கட்டைச் சுற்றி மெல்லிய சாம்பல் வளையம் கண்ணில் பட்டது. மாதக்கணக்காக இருப்பது. சோப்புக்குப் போகாது, விளையாட்டாக வளையல் என்பாள். இன்றைக்குத் தொட்டியில் நின்று தேய்த்தாள். தோல் சிவந்தது, வளையம் அப்படியே இருந்தது. எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. அதைத் துரத்தினால், மூச்சோடு எவ்வளவு போயிருக்கும் என்று அடுத்தது வந்து நின்றது. யாரைக் கேட்பது? உலகத்தில் இதைத் தெரிந்து சொல்ல வேண்டியவர்களின் வரிசையில் அவளும் ஒருத்தி. அவளுக்கே தெரியவில்லை.

ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனதும் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

வெறும் திரவம் விட்ட ஓரம் மஞ்சளாகவே இருந்தது. தூள் விட்ட ஓரம் ஊதா.

லேசான ஊதாகூட இல்லை. தூள் கூடக் கூட நிறமும் கூடிக்கொண்டே போய், கடைசிக் குழி கத்திரிப்பூவாக நின்றது. உயிர் என்று ஒரு துளிகூட இல்லாத குழி. தட்டை மேஜையில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். அந்தத் தூள் தானாகவே சாயத்தை மாற்றுகிறது. மெஷின் பொய் சொல்லவில்லை. அதனிடம் நிறத்தைக் கேட்டார்கள், அது நிறத்தைச் சொன்னது. அதை உயிர் என்று எழுதிக்கொண்டது இவர்கள்.

“ஊதாவா?”

பின்னால் சீனியர் அக்கா. சாப்பாட்டுப் பையோடு வந்தவள் கதவருகிலேயே நின்றிருந்தாள். அவள் தட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது கேள்விக்காரிக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

“தெரியுமா உங்களுக்கு?”

“கழிவு பீக்கர் கழுவறது யாரு? மீந்த தூளும் மீந்த சாயமும் ஒரே பீக்கர்ல ஊத்திட்டுப் போவீங்க. சாயங்காலம் நான் கழுவப் போனா ஊதாவா இருக்கும். அதுல எங்க செல் இருக்கு?”

“எவ்ளோ நாளா?”

இரண்டு வருஷம் என்றாள் அக்கா. முன்னால் இருந்த அந்தப் பெண் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு பீக்கரைத் தேய்த்ததையும் சொன்னாள். “நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு நெனைக்காத. சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு ரெண்டு புள்ளைங்க, அந்த மனுஷன் வீட்டுல சும்மா கெடக்காரு.” அதில் வெட்கமும் இல்லை, சாக்கும் இல்லை. வெந்நீர் ஆறிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

கேள்விக்காரிக்கு வாய்வரைக்கும் வசவு வந்தது. எங்க அப்பா கால்ல ஒட்டறப்ப எங்க போயிருந்தீங்க என்று கேட்கப் பார்த்தாள். ஆனால் அந்தக் காலில் ஒட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் அக்கா இல்லை. வசவை விழுங்கினாள்.

குழியின் அடியில் படிகமாகப் படிந்திருந்த ஊதாவைக் கரைத்து, கறுப்பு அடியில் தங்கும்வரை பொறுத்திருந்து, மேலே தெளிந்ததை மட்டும் புதிய தட்டுக்கு மாற்றினாள். மெஷினில் வைத்தாள். ஓரத்தைப் படி என்று சொல்ல அதற்குக் கடவுச்சொல் வேண்டும். அவளிடம் இல்லை. அக்கா சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நான்கு விரலால் எதையோ தட்டினாள். திரையில் ஓரத்துக் குழிகளுக்கும் கட்டங்கள் வந்தன.

“நான் இங்க இல்ல. சாப்பிடப் போயிருந்தேன்,” என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நிஜமாகவே சாப்பிடப் போனாள்.

செல்லே இல்லாத கடைசிக் குழிக்கு மெஷின் கொடுத்த எண் தொண்ணூற்று நான்கு.

காலியான வீட்டில் தொண்ணூற்று நான்கு பேர் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று மக்கள்தொகைக் கணக்கு எடுத்த மாதிரி. வேறு நாளாக இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

இன்னும் ஒன்று பாக்கி. சோதனை தப்பு என்பதால் தூள் கெட்டது என்று ஆகிவிடாது. சாட்சி பொய் என்றால் குற்றம் நடந்ததென்று அர்த்தமில்லையே. நேற்றுச் சந்தேகத்தில், மீந்த செல்களை ஒரு சின்னத் தட்டில் போட்டுத் தூள் விட்டு வைத்திருந்தாள். அதற்கு இப்போது வேறு சாயம் விட்டாள், நீலம். இது மஞ்சளைப்போல் செல்லிடம் வேலை வாங்குகிற சாயம் இல்லை. உயிருள்ள செல் கதவைச் சாத்தி நீலத்தை வெளியே நிறுத்திவிடும், செத்தது திறந்து போட்ட வீடு, நீலம் உள்ளே புகுந்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் எண்ணலாம். மெஷின் வேண்டாம்.

எண்ணினாள். தூள் படாததில் நூற்றுக்கு நான்கு நீலம். குறைந்த அளவு பட்டதில் முப்பத்து நான்கு. அதிக அளவில் அறுபத்தொன்று. இரண்டாம் தடவை எண்ணியபோது அறுபத்து மூன்று. சில செல்களின் உடம்பில் கறுப்பு ஏடு பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் செருகி நின்றது, தபால்பெட்டி வாயில் சிக்கிய கடிதம் மாதிரி. கண்ணை எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சீனியர் அக்காவின் பீக்கர், மேனேஜரின் கைதட்டல், அப்பாவின் கால் எல்லாம் அந்த வட்ட வெளிச்சத்துக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது.

தட்டில் நடப்பதெல்லாம் காலில் நடந்துவிடாது, அதுவும் அவளுக்குத் தெரியும். பேட்ச்சில் தூள் பசைக்குள் பிடிபட்டிருக்கிறது, மொத்தமும் வெளியே வராது. ஏட்டின் அளவு, விளிம்பு, எவ்வளவு கழுவினார்கள், எத்தனையோ இருக்கிறது. ஒருவேளை ஒன்றுமே ஆகாது. அந்த ஒருவேளையைத்தான் தொண்ணூற்றெட்டு என்று எழுதி அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். பின்னணியில் நீராவி சீறிக்கொண்டிருந்தது. சயின்டிஸ்ட் மேடம் வேலை நேரத்தில் கூப்பிடுகிறார், உலகம் நின்றுபோச்சா என்று கேட்டார். பேட்ச்சைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னாள். அழுத்தினார். ஒன்றும் தெரியவில்லை என்றார். இன்னும் ஒரு விரல் தள்ளி, இன்னும் ஒன்று தள்ளி என்று கேட்டுக்கொண்டே போனாள். நான்காவது விரல் அகலத்தில்தான் அவருக்கு உணர்வு தட்டியது. போன வாரம் புண்ணின் விளிம்பிலேயே துணி பட்டால் துள்ளுகிறவர்.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வா, பேட்ச்சை எடுக்கணும் என்றாள்.

எடுக்கக் கூடாது என்று நர்ஸ் பட்டையின் மேலேயே பேனாவால் கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே என்றார் அப்பா. நல்லா இருப்பதை எதற்குப் பிடுங்க வேண்டும்? இங்கே கூட வேலை பார்க்கிற அத்தனை பேரிடமும் என் பொண்ணு பார்த்து முடிவு சொன்ன மருந்து என்று சொல்லி வைத்திருக்கிறேன், நாளைக்குச் சேருகிற பதினோரு பேரில் இரண்டு பேர் நான் சொல்லித்தான் வருகிறார்கள் என்றார். எடுக்கணும்ப்பா என்று மட்டும் திரும்பச் சொன்னாள். அதில் அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், குரல் இறங்கியது.

“நீ கையெழுத்துப் போட்டதுதானேம்மா?”

“ஆமாப்பா. தெரியாம போட்டுட்டேன்.”

வேறு அப்பாவாக இருந்தால் கத்தியிருப்பாரோ என்னவோ. இவர் கத்தவில்லை. “சரி. கடைசி நேரத்துல பஸ் கெடைக்காது. மூணரைக்கே கெளம்பறேன்,” என்றார். அந்தச் சரி அவளை அறைந்த மாதிரி இருந்தது. படித்த பிள்ளை ஒட்டு என்றால் ஒட்டுவது, எடு என்றால் எடுப்பது. இந்த நம்பிக்கையை நினைக்கத்தான் அவளுக்கு இப்போது பயமாக இருந்தது.

அதே படியில் நின்று அடுத்த அழைப்பு, சோதனையை நடத்துகிற டாக்டருக்கு. அந்த அம்மாள் அவசரத்தில் எடுத்து, யார், என்ன, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார். சுருக்கமாகவே சொன்னாள். ஓரக் குழி, தொண்ணூற்று நான்கு, நீலம் அறுபத்தொன்று, அப்பாவின் நான்கு விரல். மறுமுனையில் பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. எண்களைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார்.

“அறிக்கைல கையெழுத்து யாருது?”

“என்னுது.”

“அப்ப எழுத்துல அனுப்புங்க. பேர் போட்டு. பேர் இல்லாத கடுதாசிய வச்சுக்கிட்டு என்னால எதையும் நிறுத்த முடியாது.”

பேர் போட்டால் அவள் கதி என்ன என்று டாக்டர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மேஜைக்குத் திரும்பி, தட்டின் படங்கள், மெஷின் தாள், எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்தாள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உள்ள என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், அந்தச் சோதனை இந்தப் பொருளுக்குச் செல்லாது என்று இரண்டு வரி எழுதி, அடியில் முழுப் பெயரையும் போட்டு அனுப்பினாள். அனுப்பு என்கிற பொத்தானின்மேல் விரல் எவ்வளவு நேரம் நின்றது என்று அவளுக்கு ஞாபகமில்லை. லேபிள் அறை, தங்கையின் காலேஜ், இனிமேல் இந்தத் தொழிலில் யார் வேலை கொடுப்பார்கள் என்று எல்லாம் அந்த நேரத்துக்குள் வந்து போயின. இருபது நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. நாளைய ஒட்டல் நிறுத்தம், ஆறு பேரையும் இன்றே வரச் சொல்லியாயிற்று.

மூன்று மணிக்கு மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஓரத்தைப் படித்த தாள் மெஷினின் நினைவில் இருந்து அவர் திரைக்குப் போயிருந்தது.

அப்போதும் அவர் கோபப்படவில்லை. பயந்திருந்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு, அவள் கடிதம் அனுப்பியது தெரியாமல், பேரம் பேசுகிறவர்போல மெதுவாகப் பேசினார். சோதனை முறையில் குறை இருக்கலாம், ஒத்துக்கொள்கிறார். முறையை மாற்றுவோம், அவளையே அதற்குப் பொறுப்பாகப் போடுவோம், ஆனால் இந்தச் சுற்று முடியட்டும். இப்போது நிறுத்தினால் மொத்தக் கம்பெனியும் தெருவில் நிற்கும். ஓரக் குழிகளில் இருப்பதைக் கொட்டிவிட்டால் நடு அறுபது சுத்தமாகவே இருக்கிறது. பிறகு சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக் காட்டினார். முன்கையில் சதுரமாக லேசாக வெளுத்த ஒரு தடம்.

“ஒரு மாசம் நானே ஒட்டிக்கிட்டேன். யாருக்கும் தெரியாது. என்ன ஆச்சு எனக்கு? நான் நம்பாததை ஊருக்கு ஒட்டல.”

அது அவளை அசைத்தது. இந்த ஆள் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்த வரைக்கும் சுலபமாக இருந்தது. திருடன் இல்லை. நம்பிவிட்டு, நம்பினதைத் திரும்பப் பார்க்கப் பயந்த ஆள். பார்க்கப்போனால் இரண்டு பேரும் ஒரே ஜாதி.

“உங்க கைல தோல் மூடியிருந்துச்சு சார். அவங்களுக்கு மூடல. மூடலைன்னுதானே ஒட்டறோம்?”

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

டாக்டருக்கு எழுதியாயிற்று, பேர் போட்டு எழுதியாயிற்று, நாளைக்கு ஒட்டல் கிடையாது என்று அவள் சொன்னாள். கேட்க வரவில்லை, சொல்லத்தான் வந்தேன் என்றாள். அவர், இந்தக் கதவைத் தாண்டினால் திரும்பி வர முடியாது, வேறு எங்கேயும் போக முடியாமலும் செய்ய முடியும் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவளுக்காக வருத்தப்படுகிற குரலில்தான் சொன்னார்.

அவள் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். பையை எடுத்தாள். கழுவு தொட்டியைத் தாண்டும்போது சீனியர் அக்கா திரும்பாமலே, “பஸ்ஸுக்கு நிக்காத, ஆட்டோ புடி,” என்றாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு மாடியும் இறங்கினாள். இந்நேரம் அப்பா பஸ் ஏறியிருப்பார். ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தால் அந்தக் காலை நீட்டி வைத்திருப்பார், வலி இல்லாமல். நர்ஸ் ஓரத்தைப் பிடித்துத் தூக்கும்போது அடியில் சதை சிவப்பாக இருக்குமா, வெளுத்திருக்குமா, இருக்குமா என்று அவளுக்குத் தெரியாது. என்ன இருந்தாலும் முதலில் பார்க்கிற கண் தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். வாட்ச்மேன் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கி, வந்த முதல் ஆட்டோவுக்குக் கையை நீட்டினாள்.